செல்ஃப் எடுக்காத காலைகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நவராத்திரி முடிந்து தீபாவளியையும் தாண்டிய சில வாரங்களில், தாராவியில் இது நடந்தது. அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் முதுகலை இலக்கியம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சந்திலேயே அப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறை. பள்ளிப் பைகளும் பயணப் பைகளும் அங்கிருந்து மாஹிம், செம்பூர், வாஷி கடைகளுக்குப் போகும். கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பழைய சிறிய வேன் இருந்தது.

வேனை ஓட்டியவர் செம்பூரைத் தாண்டியுள்ள சீத்தா கேம்ப்பில் குடியிருந்தவர். அவருடைய சொந்த ஊரும் எங்களுடையதைப் போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். அவருக்கு நாற்பது வயதிருக்கும். நாங்கள் அவரைப் பாய் என்று அழைப்போம். அவர் அப்பாவை அண்ணாச்சி என்றும் என்னைப் பாப்பா என்றும் அழைப்பார். எங்களிடம் ஏழு ஆண்டுகளாக இருந்தார். வாஷிக்குச் சரக்கு போகவேண்டிய நாட்களில், முந்தின மாலையே வேனில் ஏற்றித் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவார். அங்கிருந்து வாஷி அருகில்; காலையில் முதல் வேலையாக அங்கே இறக்கிவிட்டு, அடுத்த சரக்குக்கு எங்கள் சந்துக்கு வந்துவிடுவார். மற்ற நாட்களில் வேன் எங்கள் சந்து முனையில் நிற்கும். எங்களுக்கு வேலையில்லாத மதியங்களில், அப்பாவின் சம்மதத்தோடு, பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவருக்கும் மாஹிமில் ஒரு கடைக்காரருக்கும் அதே வேனில் சரக்கு ஓட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒற்றை ஓசை கேட்கும். உடனே முன்பலகை விளக்குகள் மங்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. செல்ஃப் எடுக்கவில்லை என்று இங்கே சொல்வார்கள். நான்கைந்து முறை திருப்பியபின் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பியது. இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் மீண்டும் அதே 'டிக்'. மெக்கானிக்கை அழைத்து வந்தால் அவர் முன்னிலையில் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில், வேலை கெட்டுப்போன வருத்தம் தெரிந்தது.

கிளம்பாத காலைகளில் பட்டறை ஆட்கள் இறங்கி வந்து தள்ளுவார்கள். இப்படித் தக்கா கொடுத்தால் அநேகமாகக் கிளம்பிவிடும். தையல்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இத வித்துட்டு ஒரு கைவண்டி வாங்குங்க. எப்படியும் நாங்கதான தள்ளுதோம்" என்றார். அப்பாவும் சிரித்தார். அந்த வாரம் வரை அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

நான் ஒரு வேலை செய்தேன். வேன் மக்கர் செய்த ஒவ்வொரு காலையையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: தேதி, நேரம், முந்தின இரவு வேன் நின்ற இடம், எத்தனையாவது திருப்பலில் கிளம்பியது. யாரும் கேட்டு எழுதவில்லை. ஒழுங்கில்லாமல் தோன்றும் ஒன்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் அதன் காரணம் தெரிந்துவிடும் என்று நம்பினேன். மூன்று வாரங்களில் பதினொரு பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, வேன் சீத்தா கேம்ப்பில் நின்ற இரவுக்கு மறுநாள் காலை. எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

மறுநாள் தெருவோர எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பேட்டரியில் மாட்டியிருந்த ஒயர் முனைகளில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார்; அளவு சட்டென்று விழுந்தது. பிறகு பேட்டரியின் மேற்புறத்தை விரலால் தடவினார்.

"இது எப்ப வாங்குனது அண்ணாச்சி?"

"ஜூலைலதான். புதுசு."

"புதுசா? புதுசுன்னா கடைக்காரன் மேல மார்க்கர்ல தேதி போட்டிருப்பானே. எங்க காணோம்? எவனோ புதுச கழட்டிட்டுப் பழச வச்சிருக்கான். இப்பல்லாம் இது ரொம்ப நடக்கு."

அவர் போனபின் அப்பா என் நோட்டை மீண்டும் கேட்டார்.

அன்று மதியம் பாய் பட்டறைக்கு வந்தபோது ஆறு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா தொடங்கியதும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

"பாய், தப்பா எடுத்துக்கிடாதீரு. கேக்கணும்னு கேக்கேன். பேட்டரிய எங்கயும் கழட்டுனீரா?"

"நா எதுக்கு அண்ணாச்சி கழட்டுதேன்?"

"உம்ம வீட்டுப் பக்கம் நின்ன மறுநாள்தான் மக்கர் பண்ணுது."

"யாரு சொன்னா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஏட்டி, வாசி."

நான் வாசித்தேன். தேதி, நேரம், இடம். தேதி, நேரம், இடம். பதினொன்றையும் தெளிவாக, சீரான குரலில் வாசித்தேன். அவர் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "ரெண்டு நாள் இங்க நின்னப்பவும் மக்கர் பண்ணிருக்கே பாப்பா. அதுக்கு?"

"பதினொண்ணுல ஒன்பது, பாய்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்ன தொனி இன்றும் என் காதில் இருக்கிறது. தேர்வுத்தாளில் விடை எழுதும் தொனி அது. அவர் சாவியைத் துணி வெட்டும் மேசைமேல் வைத்தார்.

"சரி அண்ணாச்சி. நீங்க தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்க. நா என்ன, எழுதியா வச்சிருக்கேன்?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா அன்று மாலையே பக்கத்துப் பட்டறைக்காரரிடமும், சந்து முனையில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடமும், தொலைபேசியில் மாஹிம் கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொன்னார். எச்சரிக்கை செய்வது தம் கடமை என்றே அவர் நினைத்தார். அந்த வார இறுதிக்குள், எங்கள் வேலையோடு மற்ற இரண்டு இடங்களின் வேலையும் பாய்க்குப் போயிற்று.

பிறகு அப்பாவே வேனை ஓட்டினார். வேன் இப்போது எல்லா இரவும் எங்கள் சந்து முனையில்தான் நின்றது. ஆனாலும் மக்கர் தொடர்ந்தது. நான் அதை நோட்டில் எழுதவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, அங்கே இருப்பது பழைய பேட்டரி, அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமான பதிவுகள் முடிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

தீபாவளி விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒரு நாள், செம்பூரில் இரண்டு கடைகளுக்குச் சரக்கு இறக்க அப்பாவுடன் போனேன். நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினால் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்பதால், உள்ளே உட்கார்ந்திருக்க ஒருவர் வேண்டியிருந்தது. சரக்கை இறக்கிவிட்டு அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்'. பதினைந்து முறை திருப்பியும் அதே 'டிக்'. தள்ள ஆளில்லை. நான்கு கடை தள்ளி ஒரு பேட்டரிக் கடை இருந்தது. கடைக்காரர் தமிழர், பேச்சில் பாதி ஹிந்தி.

அவர் மீட்டர் எதையும் எடுத்து வரவில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் முனையைக் கவ்வியிருந்த ஈயப் பிடிப்பை இரண்டு விரலால் பிடித்தார். அது திருகியது.

"அரே, இது கையிலயே ஆடுது! பேட்டரி கரண்ட்டக் கையில வச்சிட்டு நிக்குது அண்ணே, வாங்கத்தான் ஆளில்ல."

கடைக்குள் திரும்பி, "பத்து நம்பர் பானா குடு" என்று குரல் கொடுத்தார். பானா என்றால் ஸ்பானர். பிடிப்பைத் தளர்த்தி மேலே தூக்கினார். முனையைச் சுற்றிலும், பிடிப்பின் உட்புறத்திலும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்துபோன ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனமா? பாப் ரே! பேட்டரிக்குப் பொட்டு வச்சிருக்கீங்க. மொட்டை போட்டுக் காது குத்தலையா?"

கடை ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் பாதி சிரித்தார். கடைக்காரர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே பேசினார். "பொட்டு எங்க வேணா வைங்க. கண்ணாடில வைங்க, பேட்டரி வயித்துல வைங்க. இந்த ரெண்டு மூக்குல மட்டும் வேணாம். ஈயமும் ஈயமும் ஒட்டி நிக்கணும், நடுவுல ஒண்ணும் கூடாது. லைட்டுக்குக் கொஞ்சம் கரண்ட்டு போதும், எப்படியோ போயிடும். செல்ஃபுக்கு மொத்தமா வேணும். அதான் லைட் எரியுது, செல்ஃப் எடுக்கல. சந்தனம் கூடப் பரவால்ல அண்ணே, டைட்டே வைக்கல. வண்டி எந்த ரோட்ல ஓடும்?"

"முன்னாடி சீத்தா கேம்ப்ல நிக்கும்."

"அந்த ரோடா! டேங்கர் ஓடி ஓடி ஒரே குழி. குலுங்கக் குலுங்கக் கழண்டுக்கும். மறுநா காலைல எப்படி எடுக்கும்?"

ஒன்பது காலைகளுக்கும் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. என் நோட்டில் எழுதியிருந்தது எதுவும் பொய்யில்லை. அவை எதைக் காட்டின என்று நான் சொன்னதுதான் பொய்.

அப்பா சற்றுத் தயங்கி, பேட்டரி பழையது என்று கேள்விப்பட்டதைச் சொன்னார். கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். "யாரு சொன்னா? கார்டு எங்க? நம்பர் பாத்தீங்களா?" வாரண்டி அட்டை, காப்பீட்டுத் தாளுடன், வேனின் முன்பலகை அறையிலேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அப்பா அட்டையிலிருந்த எண்ணை வாசித்தார். கடைக்காரர் பேட்டரியின் பக்கவாட்டில் பதித்திருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்து, கடைசி எண்ணில் தலையசைத்தார். அதே பேட்டரி.

"மேல தேதி போட்டிருந்தான் அண்ணே. யாரோ பெட்ரோல் போட்டுத் துடைச்சிருக்காங்க. மூலைல ஒரு கோடு மிச்சமிருக்கு பாருங்க. யாரு பூஜை போட்டது?"

"டிரைவர்தான் வருசா வருசம் போடுவாரு" என்றார் அப்பா.

அது உண்மை. ஆயுத பூஜையன்று பாய்தான் வேனைக் கழுவுவார். அம்மா கொடுக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் ஸ்டீயரிங்கிலும் சக்கரங்களிலும் அவரே வைப்பார். எலுமிச்சம்பழம் நசுக்க வேனை அவரே ஓட்டுவார். ஆனால் அந்த ஆண்டு அவர் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அப்பா பட்டறை இயந்திரங்களுக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்ததால் வேனை நான் எடுத்துக்கொண்டேன். செய்வதைச் செம்மையாகச் செய்யவேண்டும் என்று பானெட்டையும் திறந்தேன். பேட்டரி முனைகளில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. துருப்பிடிக்காமலிருக்க, பேட்டரியை விற்றவர் தடவிய கிரீஸ் அது. நான் அழுக்கு என்று நினைத்தேன். ரெக்சினில் ஒட்டிய பசையைத் துடைக்கப் பட்டறையில் வைத்திருக்கும் பெட்ரோலில் துணியை நனைத்து, பிடிப்புகளைக் கழற்றி, முனைகளையும் மேற்புறத்தையும் பளபளவென்று துடைத்தேன். பளபளத்த இரண்டு முனைகளிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். பிடிப்புகளை மேலே மாட்டி, கையில் கிடைத்த இடுக்கியால் முடிந்தவரை இறுக்கினேன். எனக்கு அன்று மிகுந்த திருப்தியாக இருந்தது.

இவ்வளவும் அந்தக் கடை வாசலில் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. அப்பா 'டிரைவர்தான்' என்று சொன்னபோது நான் அவருக்கு ஓரடி பின்னால் நின்றிருந்தேன். மறுத்துச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. கடை ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்புவதை நான் விரும்பவில்லை. என் மௌனத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

வேன் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. சயான் சிக்னலில் நின்றபோதுதான் சொன்னேன்.

"அப்பா, இந்த வருசம் பாய் ஊர்ல இல்ல. வேனுக்கு நான்தான் பூஜை போட்டேன்."

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிக்னல் மாறியது. தாராவி திரும்பும் முனையில் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "பெட்ரோல் எங்க இருந்து எடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சீத்தா கேம்ப்புக்குப் போனோம். பாய் வீட்டில்தான் இருந்தார். வேறொருவரின் டெம்போவை வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுவதாகச் சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றார். அப்பா நடந்ததைச் சொன்னார். நடுவில் நான் குறுக்கிட்டு, துடைத்ததும் பூசியதும் நான்தான், நோட்டில் எழுதியதும் நான்தான், என்னை மன்னியுங்கள் என்றேன். முன்கூட்டித் தயாரித்து வைத்திருந்த வாக்கியம்தான். சொல்லும்போது பாதியில் உடைந்தது.

பாய் முழுவதையும் கேட்டார். அன்றும் அவர் குறுக்கிடவில்லை.

"அப்ப பேட்டரி?"

"அதே பேட்டரிதான்வே" என்றார் அப்பா.

"அத எங்கிட்ட வந்து சொல்லி என்ன அண்ணாச்சி? நா எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. எங்கெங்க சொன்னீங்களோ, அங்கெல்லாம்."

"எல்லார்ட்டயும் எப்படிவே போய்ச் சொல்ல?"

"போன தடவ எப்படிச் சொன்னீங்களோ, அப்படித்தான்." என் பக்கம் திரும்பினார். "பாப்பா நல்லா நிறுத்தி நிறுத்திச் சொல்லும். அதக் கூட்டிட்டுப் போங்க."

அவர் மனைவி அப்போதுதான் உள்ளே போனார்.

நான் அதிகம் பேசாதவள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அந்த வாரம் மூன்று நாட்களில் நான்கு பேரிடம் போய், நான் ஒருவரைத் திருடராக்கிய கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். இரண்டு இடங்களுக்கு அப்பா உடன் வந்தார்; மற்ற இரண்டுக்கும் தனியாகப் போனேன். பக்கத்துப் பட்டறைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்து, தம் மனைவியைக் கூப்பிட்டு, சந்தனம் வைத்த கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பாய்க்குத் திரும்ப வேலை கொடுப்பது பற்றிக் கேட்டபோது, வேறு ஆள் வைத்துவிட்டதாகச் சொன்னார். எலக்ட்ரீஷியன், "மாத்திட்டான்னு நா எங்கம்மா சொன்னேன்? மாத்திருக்கலாம்னுல சொன்னேன்" என்றார். சந்து முனையில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பேட்டரி எடுக்கல. பெட்ரோலு?" என்றார். பெட்ரோல் பற்றி யாரும் எதுவும் சொன்னதே இல்லை என்றேன். "அதான் கேக்கேன்" என்றார்.

கடைசியாக மாஹிம் கடைக்காரர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு பையின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கேட்கிறாரா என்றே தெரியவில்லை.

"இத அவன்ட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"உங்கள்ட்ட வந்து சொல்லச் சொன்னாரு."

அவர் பையைக் கீழே வைத்தார். தொலைபேசியை எடுத்து, என் முன்னாலேயே எண்ணைத் தட்டி, "நாளைக்குச் சரக்கு இருக்கு, வந்துரு" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு என்னிடம், "போம்மா, மழை வருத மாரி இருக்கு" என்றார்.

பாய் எங்களிடம் திரும்பவில்லை. அப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினார். மாஹிம் கடைக்கு டெம்போ ஓட்டுவதாகத் தெரியும். ஸ்டேஷன் பக்கம் எதிரே வந்தால் கையை லேசாகத் தூக்குவார், நானும் தூக்குவேன். அது மன்னிப்பா, வெறும் பழக்கமா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

சென்ற மாதம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தையல்காரர் ஒருவர், மதியம் சாப்பிட்டுக்கொண்டே, "முன்னாடி இங்க ஒரு டிரைவரு பேட்டரிய மாத்தி வித்துட்டாராமே, அப்படியா?" என்று கேட்டார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, எதிரே உட்கார்ந்து, ஆயுத பூஜைக் காலையிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். இன்னும் எத்தனை பேரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லவேண்டியவள் நான்தான் என்பது மட்டும் தெரியும்.